161.7 கிலோ: 300 கிராமுக்காக ஒரு வெற்றியைப் பறிக்கலாமா?

கடைசித்திருப்பம்:
சென்ற ஞாயிற்றுக்கிழமை நம் கார்ட் (சிறு பந்தய வண்டி) சங்கத்தின் இறுதிப் பந்தயத்தில் முதலாவதாக வந்த தம்பியை, வண்டியில் அமர்ந்தபடியே எடைமேடையில் ஏற்றினார்கள். எண் 161.7 என்று நின்றது. ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்த குறைந்தபட்ச எடை 162 கிலோ என்பதால் அவனைத் தகுதி நீக்கம் செய்து, கோப்பையை இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுத்தார்கள். அதைக்கூட நான் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மறுநாள் எடைமேடைக்காரர் இந்த மன்றத்தில் வந்து, "எடையைச் சரியாக வைக்கத் தெரியாதவனுக்குப் பந்தயம் ஓட்டவும் தெரியாது" என்று எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஐந்தாம் இடத்தில் தொடங்கி, ஒருவரையும் இடிக்காமல் நால்வரை முந்தியவனுக்கா ஓட்டத் தெரியாது?

கணக்கையே பார்ப்போம். 162 கிலோவில் 300 கிராம் என்பது 0.185 விழுக்காடு. நம் தடத்தில் ஒரு சுற்றுக்கு 50 விநாடி ஆகிறது. எடையில் குறைந்த விகிதம் அப்படியே நேரத்தில் குறைவதாக வைத்துக்கொண்டாலும், உண்மையில் அந்த அளவுக்குக் குறையாது என்பது ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், சுற்றுக்கு 0.09 விநாடிதான் வரும். 20 சுற்றுக்கு இரண்டு விநாடிகூட ஆகாது. அவன் வென்றதோ 2.4 விநாடி இடைவெளியில். அந்த 300 கிராமைச் சேர்த்துச் சுமந்திருந்தாலும் அவன்தான் வென்றிருப்பான்.

எடைமேடைக்காரர்:
எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறப் போவதில்லை. ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தையே பாருங்கள். 2024 பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் ஜார்ஜ் ரசல் முதலாவதாக வந்தார். வண்டியின் எடை 798 கிலோவுக்கு 1.5 கிலோ குறைந்ததால் வெற்றி ஹாமில்டனுக்குப் போனது. 2025 சீனப் பந்தயத்தில் லெக்லெர்க், காஸ்லி இருவரின் வண்டிகளும் 800 கிலோவுக்கு ஒரே ஒரு கிலோ குறைந்தன, இருவரும் நீக்கப்பட்டார்கள். 800-இல் ஒரு கிலோ என்பது 0.125 விழுக்காடு. நண்பர் அழுதுகொண்டு காட்டும் 0.185-ஐ விட அது குறைவு. உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கு இல்லாத சலுகையை நம் சங்கம் ஏன் தர வேண்டும்?

நடந்ததை முழுமையாகச் சொல்லியிருக்கலாம், நண்பர் சொல்லவில்லை. அன்று காலையிலிருந்து எடைமேடை எல்லோருக்கும் திறந்தே இருந்தது. அந்தத் தம்பி 64 கிலோ. குறைந்தபட்ச எடையை எட்டச் சீட்டில் 15 கிலோ ஈயத் தகடு பூட்டியிருந்தான். பந்தயத்துக்கு முன் டேங்க் நிறையப் பெட்ரோலுடன் ஏறியபோது 162.1 காட்டியது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ; 400 மில்லி எரிந்தாலே 300 கிராம் போய்விடும். கையிருப்பு வெறும் 100 கிராம் என்று தெரிந்தும் இன்னொரு தகட்டைப் பூட்டாமல் போனது அவன் எடுத்த முடிவு. அந்த முடிவின் விலைதான் 161.7.

88கிலோ:
300 கிராமுக்கு இத்தனை கண்ணீரா? நானும் என் வண்டியும் சேர்ந்தால் 171 கிலோ. ஒவ்வொரு பந்தயத்திலும் 162-க்கு மேல் 9 கிலோவைச் சுமந்துகொண்டு ஓடுகிறேன். ஆறு ஆண்டுகளில் அதற்காக ஒருவர் ஒரு வரி எழுதியதில்லை. மேல்வரம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒல்லியானவனுக்கு 300 கிராம் குறைந்தால் மட்டும் நியாயம், அநியாயம் என்று ஊரே கூடிவிடுகிறது.

புதுவரவு:
நான் இந்த ஆண்டுதான் ஓட்டத் தொடங்கினேன். 162 கிலோ என்பது பந்தயம் தொடங்கும்போது இருக்க வேண்டிய எடையா, முடியும்போது இருக்க வேண்டிய எடையா? ஹெல்மெட்டும் உடையும் அதில் சேருமா? விதிப் புத்தகத்தில் "போட்டியின்போது" என்று மட்டும் இருக்கிறது.

சங்கிலிஎண்ணெய்:
நான் அன்று எடைமேடைக்கு மூன்றடி தள்ளி நின்றவன். இடது முன்சக்கரம் மேடைத் தகட்டின் விளிம்பில் இருந்தது. டயரின் வெளிச் சுவர் சாய்தளத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படி உரசினால் 300 கிராம் என்ன, ஒரு கிலோகூட விழுங்கப்படும். எண் உடனே நிற்கவும் இல்லை, 161.9, 161.6 என்று ஆடி ஆடித்தான் 161.7-க்கு வந்தது. மண் தரைமேல் பலகை போட்டு வைத்த மேடை காட்டும் 100 கிராமை நம்பி ஒருவனுடைய ஓராண்டு உழைப்பைக் குப்பையில் போடலாமா?

எடைமேடைக்காரர்:
சங்கிலிஎண்ணெய் அவர்களே, உங்கள் பார்வைக் கூர்மையை நான் நன்கு அறிவேன். சென்ற பருவத்தில் செயின் தளர்ந்திருப்பதைப் பார்க்காமல் ஒரு சிறுவனின் வண்டியைத் தடத்துக்கு அனுப்பி, இரண்டாம் சுற்றிலேயே ஸ்ப்ராக்கெட் பற்சக்கரத்திலிருந்து அது கழன்று விழக் காரணமாக இருந்தவர் நீங்கள். அந்தக் கண்கள் மூன்றடி தள்ளி நின்று டயரின் வெளிச் சுவரைப் பார்த்தன என்கிறீர்கள்.

வண்டியை மூன்று முறை இறக்கி ஏற்றினேன். 161.7, 161.7, 161.6. ஓட்டுநருக்குச் சாதகமான எண்ணையே தாளில் எழுதினேன். காலையில் 20 கிலோ இரும்பு எடைக்கல் எட்டை நானே தூக்கி வைத்து மேடையைச் சோதித்தேன்; 160.0 என்று நின்றது. மாலையில் பந்தயங்கள் முடிந்த பிறகும் அதே எட்டுக் கல்லை வைத்தேன், அப்போதும் 160.0. பதினோரு ஆண்டுகளாக, மற்றவர்கள் பேடாக்கில், அதாவது வண்டிகளை நிறுத்தும் இடத்தில், நிழல் தேடும் நேரத்தில் நான் வெயிலில் நின்று இந்த வேலையைச் செய்கிறேன். எனக்கு அதில் கிடைத்தது வசவு மட்டும்தான்.

கடைசித்திருப்பம்:
மூன்று முறை ஏற்றியதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டது வேறு. முன் பம்பர் இடித்து உள்ளே போனால் 5 விநாடி தண்டனை. வண்டி தோற்பதில்லை, நேரம் மட்டும் கூடுகிறது. ஒருவரை இடித்ததன் அடையாளம் அது, இன்னொருவரின் பந்தயத்தைக் கெடுத்ததன் சாட்சி. அதற்கு 5 விநாடி. யாரையும் தொடாத 300 கிராமுக்கு முழு நீக்கம். இடித்தவன் பரிசு மேடையில் நிற்கலாம், 300 கிராம் குறைந்தவன் வீட்டுக்குப் போக வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதாமல் விட மனம் வரவில்லை. சென்ற ஆண்டு உங்கள் அக்கா மகனின் இன்ஜினில், யாரும் திறக்காமல் இருக்கப் போடும் முத்திரைக் கம்பி அறுந்திருந்தது. விதிப்படி அதற்கும் நீக்கம்தான். எச்சரிக்கையோடு விட்டீர்கள். அன்று விதி எங்கே போயிருந்தது, ஐயா?

எடைமேடைக்காரர்:
அந்த முத்திரை, நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே, மற்றொரு வண்டி பக்கவாட்டில் ஏறியதால் அறுந்தது. இன்ஜினை அன்றே மூவர் முன்னிலையில் பிரித்துப் பார்த்தோம். அந்த முடிவில் கையெழுத்திட்ட மூவரில் நான் இல்லை. உறவினன் என்பதால் நானாகவே ஒதுங்கினேன். அது தெரிந்தும் இங்கே இழுத்திருக்கிறீர்கள். இதை மறக்க மாட்டேன்.

5 விநாடிக்கு வருகிறேன். பம்பர் என்பது ஓட்டும்போது நேர்ந்த குற்றம். எடை என்பது வண்டியின் தகுதி. தகுதியில் "கொஞ்சம்" என்ற அளவே கிடையாது. இன்று 300 கிராமை மன்னித்தால் அடுத்த வாரம் எல்லோரும் 161.7-க்குத் தகடு பூட்டுவார்கள். அதற்கடுத்த வாரம் 161.4-இல் ஒருவன் நின்றுகொண்டு "அதே 300 கிராம்தானே" என்பான். இது என் கற்பனை அன்று. 1982 பிரேசில் பந்தயத்தில் பிரேக்கைக் குளிர்விக்க என்று சொல்லித் தண்ணீர்த் தொட்டி வைத்து, அந்தத் தண்ணீரை ஓட்டத்திலேயே இறைத்துவிட்டு, எடை குறைந்த வண்டியோடு ஓடினார்கள். முதலாவதாக வந்த பிக்கேயும் இரண்டாவதாக வந்த ரோஸ்பெர்கும் அதற்காக நீக்கப்பட்டார்கள். 1984-இல் டிரெல் அணியின் தண்ணீர்த் தொட்டியில் ஈயக் குண்டுகள் கிடைத்தன. பருவம் முழுவதிலிருந்தும் அந்த அணி வெளியேற்றப்பட்டது. பந்தயம் முடிந்ததும் எடை பார்க்கும் வழக்கத்தில் இம்மியும் இளகக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கடைசித்திருப்பம்:
அந்தத் தம்பி ஒளித்தானா? தண்ணீரை இறைத்தானா? ஏமாற்றியவர்களின் வரிசையில் அவனை நிறுத்தியதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

புதுவரவு:
மன்னிக்கவும், மீண்டும் கேட்கிறேன். தொடக்கத்தில் 162.1 இருந்தது, முடிவில் 161.7 இருந்தது என்றால், "போட்டியின்போது" என்ற சொல் இந்த இரண்டில் எதைக் குறிக்கிறது?

88கிலோ:
எவ்வளவு என்பதையே பேசுகிறீர்கள், எங்கே என்பதை ஒருவரும் பேசவில்லை. கார்ட்டில் சஸ்பென்ஷன் இல்லை, இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியலும் இல்லை. பின் ஆக்சில் ஒரே துண்டு எஃகுக் குழாய். இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் உட்புறப் பின்சக்கரம் தரையிலிருந்து சற்று எழும்பினால்தான் வண்டி திரும்பும், இல்லையென்றால் நேரே தள்ளிக்கொண்டு போகும். அந்தச் சக்கரம் எவ்வளவு எழும்புகிறது என்பதைத் தீர்மானிப்பவற்றில், எடை எந்த இடத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பது முதன்மையானது. 64 கிலோக்காரன் 15 கிலோ ஈயத்தைத் தன் விருப்பப்படி சீட்டின் அடியிலோ முன்புறத் தரைத்தகட்டிலோ வைத்து வண்டியைச் சமன்படுத்திக்கொள்கிறான். என்னுடைய எடை என் தோளிலும் வயிற்றிலும் இருக்கிறது. அதை ஸ்பானர் கொண்டு நகர்த்த முடியுமா? ஈயம் பூட்டும் சுதந்திரமே ஒரு சலுகை. அந்தச் சலுகையைப் பெற்றவன் 300 கிராம் குறைவாகப் பூட்டினால் எனக்கு இரக்கம் வராது.

சங்கிலிஎண்ணெய்:
செயின் விஷயத்தைப் பதில் சொல்லாமல் விட்டால் உண்மை என்று ஆகிவிடும். அன்று செயினை இறுக்கி, ஆக்சில் தாங்கியின் போல்ட்டை முறுக்கி, விரலால் அழுத்திப் பார்த்தே அனுப்பினேன். முதல் வளைவில் அந்தச் சிறுவன் தடத்தின் ஓரக் கட்டையான கெர்ப் மீது ஏறியதில் ஸ்ப்ராக்கெட் வளைந்தது. வளைந்த ஸ்ப்ராக்கெட்டை இன்றும் வைத்திருக்கிறேன். இருபது ஆண்டுகளாக இந்தத் தடத்தில் எத்தனை பேருடைய வண்டியைக் கூலி வாங்காமல் பழுது பார்த்தேன் என்று கேட்டுப் பாருங்கள். முன்சக்கரம் சாய்தளத்தைத் தொட்டது. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இரண்டாமிடம்:
கோப்பை என்னிடம்தான் இருக்கிறது என்பதால் நானும் பேசுகிறேன். அன்று என் வண்டி 163.4. எரியப் போகும் பெட்ரோலுக்கும் வியர்வைக்கும் தேயும் ரப்பருக்கும் சேர்த்து வேண்டுமென்றே ஒரு தகடு கூடுதலாகப் பூட்டினேன். கோட்டைக் கடந்த பிறகு குளிரும் சுற்றில் ஓட்டப் பாதையை விட்டு விலகி, தரையில் உதிர்ந்து கிடந்த ரப்பர்த் துணுக்குகள்மீது டயரை ஓட்டி, எடை கூடட்டும் என்று ஒட்ட வைத்துக்கொண்டும் வந்தேன். அது கற்றுக்கொண்ட வித்தை. 1.4 கிலோவை 20 சுற்றும் சுமந்து 2.4 விநாடி பின்னால் வந்தவன் நான். அவன் குறைவாகச் சுமந்த 300 கிராமைச் சொல்லும் கடைசித்திருப்பம், நான் கூடுதலாகச் சுமந்த 1.4 கிலோவைத் தன் விழுக்காட்டில் போட்டுப் பார்க்கட்டும். கோப்பையைத் திருப்பித் தரும் எண்ணம் எனக்கு இல்லை.

கடைசித்திருப்பம்:
கோப்பையை யாரும் கேட்கவில்லை, அண்ணா. அன்று மாலை நடந்ததை நீங்கள் யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். எல்லோரும் போன பிறகு அவன் சீட்டின் அடியில் படுத்து அந்த 15 கிலோ ஈயத்தைக் கழற்றினான். ஒரு போல்ட் சீட்டின் ஃபைபரோடு பிய்த்துக்கொண்டு வந்தது. தகட்டின் ஓரம் சுத்தியல் அடியில் நசுங்கியிருந்தது. சீட்டின் வளைவுக்குப் பொருந்துவதற்காக இரவெல்லாம் உட்கார்ந்து அடித்தவன் அவன். "இன்னும் ஒரு சின்னத் துண்டு இருந்தது அண்ணா, பெட்டியில்தான் இருந்தது" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு ஓட்டத் தெரியாது என்று எழுதியவரிடம்தான் எனக்கு வழக்கு.

எடைமேடைக்காரர்:
பெட்டியில் துண்டு இருந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பெட்டியில் இருக்கும் ஈயத்தை எடைமேடை எண்ணாது. அந்தத் தம்பிமீது எனக்கு வெறுப்பு இல்லை. அவன் கை சுத்தம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பந்தயம் ஓட்டுவது ஸ்டியரிங்கில் தொடங்கி ஸ்டியரிங்கில் முடிவதில்லை. அந்தச் சின்னத் துண்டையும் சேர்த்துத்தான் ஓட்டுவது. மன்னிப்பும் கேட்க மாட்டேன், மறு எடையும் கிடையாது. 161.7.

சங்கிலிஎண்ணெய்:
மறு எடை வேண்டாம், மேடையை எடை போடுவோம். அடுத்த ஞாயிறு சான்று பெற்ற 20 கிலோ எடைக்கல் ஒன்றை நான் கொண்டுவருகிறேன். நான்கு மூலையிலும் நடுவிலும் தனித்தனியாக வைத்துப் பார்ப்போம். உங்கள் எட்டுக் கல்லையும் நடுவில் மட்டும்தானே வைத்தீர்கள்?

எடைமேடைக்காரர்:
காலை ஆறரைக்கு மேடை திறந்திருக்கும். உங்கள் கல்லை முதலில் என் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மேடையில் ஏற்றுவேன்.

சங்கிலிஎண்ணெய்:
இரண்டு கல்லும் ஒத்துப் போகவில்லை என்றால் எந்தக் கல் சரி என்று யார் சொல்வது? அதையும் நீங்களேதானா?

புதுவரவு:
"போட்டியின்போது" என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அடுத்த ஞாயிறு பந்தயம் இருக்கிறது.

88கிலோ:
தம்பி, இரண்டு கிலோ கூடுதலாகப் பூட்டிக்கொண்டு வா. நான் 9 கிலோவோடு வருகிறேன்.