மெழுகுவர்த்தி நடுவுல மட்டும் குழி விழுது, ஓரமெல்லாம் அப்படியே நிக்குது

மல்லிப்பூ:
வீட்லயே சோயா வேக்ஸ் வாங்கி கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வச்சேன், பாக்க அழகா வந்துச்சு ஆனா ஏத்துனா திரிய சுத்தி மட்டும் குழி மாதிரி எறங்கி கடைசில திரியே முங்கி அணைஞ்சிடுது. டம்ளர் வாய் 3 இஞ்ச் இருக்கும். வாசனை எண்ணெய் சேத்ததாலயா?

கோயம்புத்தூர்க்காரன்:
எண்ணெய் அளவு என்ன? வேக்ஸ் எடைல 6லேந்து 10 சதவீதம் வரைக்கும் ஓகே. ஆனா எனக்கென்னவோ திரி சின்னதுன்னுதான் தோணுது, 3 இஞ்ச் வாய்க்கு கொஞ்சம் தடி திரி வேணும்.

பாமா அக்கா:
திரி ஒரு பக்கம் இருக்கட்டும்மா, மொத தடவ ஏத்தும்போது எவ்ளோ நேரம் எரிய விட்ட? இஞ்சுக்கு ஒரு மணி நேரம்னு கணக்கு, உனக்கு 3 மணி நேரம், மேல்மட்டம் ஓரம் வரைக்கும் உருகணும், அரைமணில அணைச்சா அடுத்த தடவையும் அந்தக் குழிக்குள்ளயேதான் உருகும். இப்ப இருக்கறத ஹேர் டிரையர் வச்சு மேல சமமா உருக்கி விடு, சரியாயிடும்.

மல்லிப்பூ:
ஐயோ அக்கா நான் கரண்ட் போனா ஏத்தி, வந்ததும் அணைச்சிடுவேன் 😄

கோயம்புத்தூர்க்காரன்:
அதான் விஷயம் 😂 டம்ளர்ல ஊத்தறதுக்கு முன்னாடி வேக்ஸ அடுப்புல நேரா வச்சு உருக்கறீங்களா? வேணாம், ஒரு கிண்ணத்துல போட்டு, அத தண்ணி கொதிக்கிற பாத்திரத்துக்குள்ள வச்சு உருக்குங்க. தப்பித்தவறி தீப்பிடிச்சா தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, தீ மேல எகிறிடும், அடுப்ப ஆஃப் பண்ணி மூடி போட்டு மூடுங்க.