2013 இலங்கை வடமாகாண சபைத் தேர்தல்: அன்றைக்கு உங்களுக்கு நடந்தது

பனங்கூடல்:

தேர்தல் நடந்த செப்டெம்பர் 21 வந்தால் எனக்கு இந்த ஒரு காட்சிதான். வீடா (தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கேட்ட சின்னம்) வெற்றிலையா (அரசாங்கக் கூட்டணியின் சின்னம்) என்ற கதை இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

காலை ஆறரை இருக்கும். சந்திக் கடையில் உதயன் பேப்பர் கிடந்தது. முதல் பக்கத்தில் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கப் பக்கம் போய்விட்டார் என்று பெரிய எழுத்தில். முதல் நாள் நள்ளிரவு தாண்டித்தான் அவருடைய வீட்டைத் தாக்கியிருந்தார்கள். கடைக்காரப் பெடியன் சத்தமாக வாசிக்க, நின்ற ஐந்தாறு பேருக்கும் முகம் செத்துப்போயிற்று. பக்கத்து வீட்டு ஆச்சி வாக்காளர் அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தார். "அப்ப நான் ஏன் போவான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார்.

அப்பா முன்னர் அச்சகத்தில் வேலை செய்தவர். பேப்பரை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். "மை ஒட்டுது. எழுத்தும் அவங்கட எழுத்து மாதிரி இல்லை. இது கள்ளப் பேப்பர்" என்றார். உடனே என்னைச் சைக்கிளில் ஆச்சிக்குப் பின்னால் அனுப்பினார். நான் போனபோது படலை சாத்திக் கிடந்தது. கூப்பிட்டேன், சத்தமில்லை.

ஆச்சி பிறகு வாக்களித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கிழமை முழுக்க அவரோடு கதைத்தேன். இடது கைச் சுண்டுவிரலில் வாக்குப் போட்ட மை இருக்கிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கத் தோன்றவே இல்லை. இப்போது ஆச்சியும் இல்லை.

மற்றவர்களும் எழுதுங்கள். வெற்றி தோல்விக் கணக்கு வேண்டாம், உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

குளத்தடி வவுனியா:

எங்கள் வீட்டில் நடந்தது. பெயர்கள் சொல்ல மாட்டேன், அந்த ஆயுத இயக்கத்தின் பெயரும் சொல்ல மாட்டேன், ஊகிக்கவும் வேண்டாம்.

97இல் ஒரு இரவு எங்கள் வீட்டுக்கு ஆறு பேர் வந்தார்கள். அப்பாவைக் கூட்டிப்போய் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து வவுனியாவை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான் அப்போது நாலாம் வகுப்பு. எனக்கு நினைவில் நிற்பது சப்பாத்து. அம்மா சாணி போட்டு மெழுகிய நிலத்தில் சப்பாத்துத் தடம்.

2013 ஓகஸ்ட் கடைசியில் கூட்டமைப்புக்கு வாக்குக் கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவரைக் கண்டதும் அம்மா குசினிக்குள் போய்விட்டார். தலை நரைத்திருந்தது, உடம்பும் வைத்திருந்தது, ஆனாலும் ஆள் அதே ஆள்தான். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். கழற்றி, இரண்டையும் சோடியாகச் சேர்த்துச் சுவரோடு வைத்தார். அப்பா "பரவாயில்லை, போட்டுக்கொண்டே வாங்கோ" என்றார். அவர் "இல்லை ஐயா" என்றுவிட்டு வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி போட்டுத் தந்தார், ஆனால் வெளியே வரவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார்.

அப்பா வீட்டுக்குத்தான் புள்ளடி (X) போட்டார். விருப்பு வாக்கு, அதாவது பட்டியலில் உள்ள ஆளுக்குப் போடும் வாக்கு, ஒருவருக்கும் போடவில்லை.

திருத்தம் சொல்பவன்:

முதலில் ஒன்று. "கூட்டமைப்புக்கு வாக்கு" என்று எழுதுகிறீர்கள். வாக்குச்சீட்டில் அப்படி ஒரு கட்சியே இல்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கட்சியாகப் பதியப்படாதது. சீட்டில் இருந்தது இலங்கைத் தமிழரசுக் கட்சி, சின்னம் வீடு. மற்றவர்கள் எல்லாரும் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள். பதியுங்கள், பதியுங்கள் என்று பங்காளிக் கட்சியான ஈபிஆர்எல்எவ் தொண்டை கிழியக் கத்தியும் நடக்கவில்லை. பின்னாளில் வந்த பிளவுக்கெல்லாம் வேர் அங்கேதான்.

இரண்டாவது, எல்லாரும் 2013 கூட்டணியை 2001இல் சேர்ந்த அதே கூட்டணி என்று நினைக்கிறார்கள். 2001இல் சேர்ந்தது தமிழர் விடுதலைக் கூட்டணி, தமிழ்க் காங்கிரஸ், ஒருகாலத்தில் ஆயுத இயக்கங்களாக இருந்த ரெலோ, ஈபிஆர்எல்எவ். கேட்டது விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில். அதன் தலைவர் ஆனந்தசங்கரி ஐயா சூரியனைத் தர மாட்டேன் என்று வழக்குக்குப் போனதால்தான் 2004இல் வீட்டைத் தூசு தட்டி எடுத்தார்கள். 2010இல் காங்கிரஸ் வெளியே போனது. 2013இல் இன்னொரு பழைய இயக்கமான புளொட் உள்ளே. சூரியனைத் தராத அதே ஆனந்தசங்கரி ஐயா கிளிநொச்சியில் வீட்டுச் சின்னத்தில் நின்றார், வெல்லவும் இல்லை. இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பதா அழுவதா?

என் அனுபவம் சின்னது. யாழ்ப்பாணத்தில் வாக்கெண்ணும் முகவராக இருந்தேன். கட்சி வாக்கு எண்ணி முடிய விடியப்புறம் ஆகிவிட்டது. வெற்றிலை முகவர் கதிரையில் நித்திரை. அவருக்கு இனிப் பார்க்க ஒன்றுமில்லை. சண்டை தொடங்கியது விருப்பு வாக்கு எண்ணும்போதுதான், அதுவும் எங்களுக்குள். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குக் கிடைத்தது 14 ஆசனம், பட்டியலில் 19 பேர். ஐந்து பேர் வெளியே நிற்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வேறு பங்காளிக் கட்சி. மாலை முழுக்க ஒரே பார்சல் சோற்றைப் பங்கு போட்டுத் தின்றவர்கள் நாங்கள். மூன்று மணிக்கு என் கையைத் தட்டிவிட்டு "அது உங்கட ஆளின்ர நம்பர் இல்லை, எங்கட ஆளின்ர" என்று எழும்பினார். நித்திரையாக இருந்த வெற்றிலை முகவர்தான் எழும்பி வந்து எங்களை விலக்குப் பிடித்தார்.

பனங்கூடல்:

அண்ணை, கட்சி வரலாற்றை விட உங்கள் மூன்று மணிக் கதை நல்லாயிருக்கிறது. அதையே முதலில் எழுதியிருக்கலாம்.

முசலி ஊரான்:

நாங்கள் 90இல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள். புத்தளத்தில் வளர்ந்தேன். 2013இல் வாக்கு மன்னாரில்தான் இருந்தது, வாப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். யாருக்குப் போட்டோம் என்பது எங்களோடு இருக்கட்டும். மன்னாரில் மரத்துக்கு (முஸ்லிம் காங்கிரஸின் சின்னம்) ஒரு ஆசனம் கிடைத்தது, அது ஊருக்கே தெரியும்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு தமிழ் அம்மா. வாப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு வாப்பாவின் பெயரைச் சொல்லாமல் எங்கள் மூத்தாப்பாவின் பெயரைச் சொல்லி, "அவற்ற மகனோ?" என்றார். வாப்பா தலையாட்டினார். "உங்கட கிணத்திலதான் இப்பவும் அள்ளுறம்" என்றார் அந்த அம்மா. நன்றியாகச் சொன்னாரா, குற்ற உணர்வில் சொன்னாரா, சும்மா தகவலாகச் சொன்னாரா? வாப்பா திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கூட்டமைப்பு, வென்ற கட்சிக்குக் கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றை ஒரு முஸ்லிமுக்குக் கொடுத்தது. எல்லாரும் பாராட்டினார்கள். நானும்தான். ஆனால் எனக்கு அந்தச் செய்தியை வாசித்தபோதும் கிணறுதான் ஞாபகம் வந்தது.

ஓய்வுபெற்ற அதிபர்:

கிளிநொச்சியில் ஒரு வாக்குச்சாவடிக்குத் தலைமை தாங்கும் அலுவலராகப் போயிருந்தேன். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்த சனம். ஒரு வயோதிபர் அறைக்குள் போய் நெடுநேரமாகியும் வரவில்லை. கடைசியில் சீட்டை விரித்தபடியே என்னிடம் கொண்டுவந்து "சரியோ தம்பி?" என்றார். நான் முகத்தைத் திருப்புவதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. புள்ளடி இல்லை. வெற்றிடத்தில் பேனையால் ஒரு சின்ன வீடு கீறியிருந்தார், கூரையும் கதவும் வைத்து. மடித்துப் பெட்டிக்குள் போடச் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இதிலிருந்து இளையவர்கள் கவனிக்க வேண்டியவை. அன்றைக்கு மாகாண சபைக்கும், இன்றைக்கும் பாராளுமன்றத்துக்கும், முதலில் கட்சிக்கு எதிரே ஒரு புள்ளடி. ஒன்றுதான். இரண்டு கட்சிக்குப் போட்டால் செல்லாது. அதன் பிறகு கீழே உள்ள இலக்கங்களில் விரும்பினால் மூன்று பேர் வரைக்கும் புள்ளடி போடலாம், போடாமலும் விடலாம். ஆனால் கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டும் வீண். இங்கேதான் படித்தவர்களே பிழை விடுகிறார்கள். சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கம் எழுதுவதை இங்கே கொண்டுவந்து எழுதாதீர்கள். சரி அடையாளம் போடாதீர்கள், கையொப்பம் வைக்காதீர்கள் (வைத்தவர்கள் இருக்கிறார்கள்!). வேட்பாளர் தரும் துண்டுப்பிரசுரத்தில் அவருடைய இலக்கம் மட்டும்தான் பெரிதாக இருக்கும், சின்னம் மூலையில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் பலர் இலக்கத்தில் மட்டும் கீறிவிட்டு வருகிறார்கள். 2013இல் ஆயிரக்கணக்கான வாக்கு நிராகரிக்கப்பட்டது. போவதற்கு முதல் நாள் வீட்டில் வயதானவர்களை இருத்தி ஒரு வெள்ளைத்தாளில் கீறிக் காட்டுங்கள். அடையாள அட்டை பழுதாகியிருந்தால் கிராம சேவகரிடம் நேரத்தோடு போங்கள், கடைசி நாளில் ஓடாதீர்கள். நாலு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போகலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

ஸ்காபரோ நித்திரைகொள்ளி:

ஐயா, அறிவுரைக்கு நன்றி, ஆனால் எந்தத் தேர்தலுக்கு? சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்தது. 2017இல் சட்டத்தை மாற்றி எல்லை நிர்ணயம் என்று இழுத்தவர்கள் இழுத்தவர்கள்தான். வடக்குக்கு அது ஒன்றுதான் முதலும், இதுவரைக்கும் கடைசியும்.

நான் இங்கே கனடாவில் இருந்து அன்றிரவு முழுக்க முடிவு பார்த்தேன். 38 ஆசனத்தில் வீட்டுக்கு 30. வாக்கு 353,595, நூற்றுக்கு 78. அண்ணர் ஸ்கைப்பில் ஊரில் வெடி கொளுத்துகிற சத்தம் கேட்கட்டும் என்று போனை வெளியே நீட்டிப் பிடித்தார். வெடிச் சத்தம் கேட்டதும் அவருடைய சின்ன மகள் கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். 2009இல் அவளுக்கு மூன்று வயது. அண்ணி அவளை இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார், அண்ணர் "கேக்குதோ, கேக்குதோ" என்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது.

நாற்காலி அடுக்கியவன்:

"வெற்றி தோல்விக் கணக்கு வேண்டாம்" என்று சொல்லியும் எல்லாரும் கணக்குத்தான் எழுதுகிறீர்கள். நானும் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஒக்டோபர் 11, வீரசிங்கம் மண்டபம், உறுப்பினர்கள் சத்தியப்பிரமாணம். நான் உதவிக்கு நின்ற மாணவன். முதலமைச்சர் விக்னேஸ்வரன் நாலு நாளுக்கு முன்னரே கொழும்பில் சனாதிபதி முன்னிலையில் எடுத்துவிட்டார், அதிலேயே பாதிப் பேருக்குக் கோபம். மிச்சக் கோபம் அமைச்சர் பதவியில். முதலமைச்சரோடு சேர்த்து ஐந்து பேருக்குத்தான் இடம், வீட்டுக்குள் இருந்த கட்சிகளும் ஐந்து. ஆளுக்கொன்று என்று பிரித்தாலும் சண்டைதான், பிரிக்காவிட்டாலும் சண்டைதான். புளொட்டுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

காலையில் ஒவ்வொரு கதிரையிலும் பெயர் எழுதிய தாளை நான்தான் ஒட்டினேன். நேரம் நெருங்க நெருங்கச் சில கதிரைகள் அப்படியே இருந்தன. ஒரு பெரியவர் வந்து காதுக்குள் "வராதவையின்ர தாளைக் கழட்டு தம்பி, கமராவில விழும்" என்றார். சனம் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாக உரித்தேன். பசை காயாததால் பாதி கிழிந்து கதிரையிலேயே ஒட்டி நின்றது. தேர்தல் முடிந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.

திருத்தம் சொல்பவன்:

அவர்கள் வராதது கொள்கைக்காக. கொழும்பில் போய்ச் சத்தியப்பிரமாணம் எடுத்ததற்கு எதிர்ப்பு. பதவிச் சண்டை என்று சுருக்குவது அநியாயம்.

நாற்காலி அடுக்கியவன்:

பிறகு வேறு இடங்களில் அவர்களும் எடுத்தார்கள்தானே அண்ணை. 2017 ஜூனில் அதே முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுபோய் ஆளுநரிடம் கொடுத்தவர்களில் பலர் 2013இல் மண்டபத்துக்கு வந்து முன்வரிசையில் இருந்தவர்கள். வராமல் விட்டவர்களில் சிலர் அப்போது அவருக்குக் காவல் நின்றார்கள். கொள்கை எந்தக் கதிரையில் இருந்தது என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை.

முசலி ஊரான்:

குளத்தடி வவுனியா, ஒன்று கேட்கலாமா? அந்த ஆளுக்கு உங்கள் அப்பாவை அடையாளம் தெரிந்ததா? இல்லாவிட்டால் எல்லா வீட்டிலும் செருப்பைக் கழற்றுகிறவரா?

குளத்தடி வவுனியா:

இதைத்தான் நானும் பல வருசமாக யோசிக்கிறேன். அப்பா "தெரியாது, அவங்கள் எத்தினை வீட்டுக்குப் போயிருப்பாங்கள்" என்பார். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்.

முதல் பதிவில் ஒன்றை எழுதாமல் விட்டேன். தேத்தண்ணி குடித்து முடித்து, துண்டுப்பிரசுரத்தை அப்பாவிடம் கொடுத்து, எல்லாரும் எழும்பினார்கள். மற்றவர்கள் முற்றத்தில் இறங்கிவிட்டார்கள். இவர் வாசலில் குனிந்து செருப்பைப் போட்டார். நிமிரும்போது நிலையில் கையை வைத்து மேலும் கீழும் பார்த்தார். 97இல் உடைத்த கதவு பலாப்பலகைக் கதவு. பிறகு அப்பா கடன்பட்டு இரும்புக் கதவு போட்டிருந்தார்.

"கதவு மாத்திட்டீங்கள் போல" என்றார்.

அப்பா "ஓம் தம்பி" என்றார்.