புதுப்பிப்பு: அக்கா மகனுக்கு பூட் எடுத்தாச்சு

குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பந்தயப் பயிற்சிக்குப் போகும் 14 வயது அக்கா மகனுக்கு எந்த ஸ்கீ பூட் (பனிச்சறுக்குக் காலணி) எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வளரும் பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள் என்றீர்கள். எடுக்கவில்லை. உள்ளுறையைக் கழற்றிவிட்டு, பூட்டின் வெறும் வெளி ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்னே தொட, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிற அளவாகப் பார்த்து எடுத்தோம். பூட் தொளதொளவென்று இருந்தால் கால் திரும்பும், ஸ்கீ (சறுக்குப் பலகை) திரும்பாது.

காலணியை ஸ்கீயோடு பிடித்து, விழுந்தால் விடுவிக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தை குல்மார்க்கிலேயே ஸ்கீ பட்டறையில் சரிசெய்துகொள்ளட்டும். எடை, உயரம், வயது, திறமை, பூட்டின் அடிநீளம் எல்லாம் பார்த்து வைக்கும் எண் அது. மாமா கைவைக்கிற சமாச்சாரமில்லை.

இங்கே செங்கோட்டையில் பனிக்கு எங்கே போவது? சிமெண்ட் தளத்தில் கோன் வைத்து இன்லைன் ஸ்கேட்டில் (ஒரே வரிசையில் சக்கரம் உள்ள ஸ்கேட்) திருப்பப் பயிற்சி. சாரல் விழுந்தால் வீட்டுக்குள் ஒற்றைக்கால் குந்து. அதற்குத்தான் முனகுகிறான்.