லேப்பில் நன்றாக வருகிறது, பைலட் பிளாண்டில் ஏன் சொதப்புகிறது?

லேப்வாசி:
ஒரு லிட்டர் ஃப்ளாஸ்க்கில் அருமையாக வரும் ரியாக்‌ஷன், பைலட் பிளாண்டின் (பெரிய ஆலைக்கு முன் சோதித்துப் பார்க்கும் சிறு ஆலை) 500 லிட்டர் ரியாக்டரில் போட்டால் கறுத்துப்போகிறது, இம்ப்யூரிட்டியும் ஏறுகிறது. மேலே இருப்பவர்களோ "ஆராய்ச்சிதான் முடிந்துவிட்டதே, விற்பனைக்கு எப்போது வரும்" என்று நச்சரிக்கிறார்கள். கெமிஸ்ட்ரி அதேதானே, எங்கே உதைக்கிறது?

ஷிப்ட் பி:
முதலில் சூட்டைப் பாருங்கள். அதே வடிவப் பாத்திரம் என்றால் கொள்ளளவு 500 மடங்கு ஏறும்போது ஜாக்கெட் (பாத்திரத்தைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் உறை) தொடும் பரப்பு சுமார் 63 மடங்குதான் ஏறும், அதாவது லிட்டருக்குக் கிடைக்கும் குளிர்ச்சி எட்டில் ஒரு பங்கு. அதனால் ஃப்ளாஸ்க்கில் சில நிமிடத்தில் ஊற்றியதை இங்கே மணிக்கணக்கில் விட வேண்டிவரும். அவ்வளவு நேரம் சூட்டில் கிடந்தால் சரக்கு தாங்குமா என்பதை லேப்பிலேயே பார்க்கலாம், வேண்டுமென்றே மெதுவாகச் சேருங்கள். அப்புறம் டிரம்மில் வரும் சால்வென்ட்டில் (கரைப்பானில்) தண்ணீர் எவ்வளவு என்றும் பாருங்கள்.

பழைய குழாய்:
மேலே இருப்பவர்களுக்கு, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்த வேதியியலாளர் ஹேபர் கதையைச் சொல்லுங்கள். அவர் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் பிஏஎஸ்எஃப் என்ற ரசாயன கம்பெனி ஆட்களுக்கு அம்மோனியா சொட்டுவதைக் காட்டியது 1909 ஜூலையில், ஓப்பா என்ற ஊரில் அந்தக் கம்பெனியின் ஆலை ஓடத் தொடங்கியது 1913 செப்டம்பரில். ஹேபர் வினையூக்கியாக வைத்த ஆஸ்மியம் என்ற உலோகம் கிடைப்பதே அபூர்வம், அதனால் பிஏஎஸ்எஃப்பின் மிட்டாஷ் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, அலுமினாவும் பொட்டாஷும் கலந்த இரும்பு வினையூக்கிக்கு வந்து சேர்ந்தது. சரி, முடிந்ததா என்றால் ரியாக்டர் குழாய்கள் வெடிக்க ஆரம்பித்தன! அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலுள்ள கார்பனை மீத்தேனாக்கிவிடும், எஃகு பிளந்துவிடும். பிஏஎஸ்எஃப்பில் இதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோன போஷ் உள்ளே மென்மையான இரும்பு உறை வைத்து, அழுத்தம் தாங்கும் வெளி எஃகுச் சுவரில் சிறு துளைகள் போட்டார், கசியும் ஹைட்ரஜன் அது வழியே வெளியேறிவிடும். ஃப்ளாஸ்க் அளவில் தலைகாட்டாத கெமிஸ்ட்ரி இப்படித்தான் பின்னால் வந்து நிற்கும். எனக்கு என்னவோ அந்தத் துளைகள்தான் அதில் பெரிய கண்டுபிடிப்பு.

கணக்குப்பிள்ளை:
போஷுக்குப் பின்னால் பிஏஎஸ்எஃப் பணம் இருந்தது, சின்ன கம்பெனிக்கு அந்தப் பொறுமை வராது. அதனால் கழிவுநீர்ச் செலவையும் சால்வென்ட் மீட்புச் செலவையும் இப்போதே கணக்குப் போடுங்கள். லேப்பில் ஒவ்வொரு முறையும் புது சால்வென்ட், பிளாண்டில் காய்ச்சி வடித்ததையே திரும்பத் திரும்ப ஓட்டுவோம், சரியாகப் பிரியாத இம்ப்யூரிட்டி அதில் சேர்ந்துகொண்டே வரும். இன்னொன்று, கஸ்டமருக்கு லேப் சாம்பிளை அனுப்பிவிடாதீர்கள். அதைப் பார்த்து அப்ரூவ் செய்துவிட்டால் பிளாண்ட் சரக்கிலும் அந்தத் தரத்தைத்தான் கேட்பார்கள், பர்ச்சேஸ் ஆர்டரில் அதையே எழுதியும் விடுவார்கள்.