கரடி போச்சு, முயல் வந்துச்சு, முயலும் போச்சு: டிஸ்னிலேண்டின் பயூ கன்ட்ரி, உங்கள் அனுபவம்?

அனாஹெய்ம் வாசி:

ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற தண்ணீர் ரைடில் நனைந்தவர்களும், இப்போது அதே தண்ணீரில் ‘த பிரின்சஸ் அண்ட் த ஃபிராக்’ படத்து இளவரசி டியானாவோடு நனைந்தவர்களும் இங்கே எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டின் அந்த மூலைக்கு எந்தப் பெயரும் நிலைத்ததில்லை. கரடிகளின் பாட்டுக் கச்சேரியை நம்பி 1972ல் பேர் கன்ட்ரி என்று வைத்தார்கள். முயலும் நரியும் வரப்போவதால் 1988ல் கிரிட்டர் கன்ட்ரி ஆக்கினார்கள். அடுத்த வருடம் ஜூலையில் அந்த முயலின் கதையைச் சொல்லும் ஸ்பிளாஷ் மவுண்டன் திறந்தது. 2001ல் கரடிகளுக்கு விடை கொடுத்து, 2003ல் அந்த இடத்தில் ‘வின்னி த பூ’ என்ற கார்ட்டூன் கரடியைக் குடியேற்றினார்கள். முயலின் மலை 2023 மே மாதக் கடைசியில் மூடப்பட்டது. 2024 நவம்பர் 15ல் டியானாவின் ரைடு திறந்தபோது அந்தப் பகுதிக்கே பயூ கன்ட்ரி என்று பெயர். லூயிசியானாவின் சதுப்பு நிலத்துக்குள் அசமந்தமாக நகரும் நீரோடைதான் பயூ.

பழைய மலைக்குப் புதுச் சட்டை மாட்டிவிட்டு டிக்கெட் விற்கிறார்கள் என்ற எண்ணத்தோடுதான் போனேன். நடந்து பார்த்தபோது எண்ணம் மாறியது. ரைடுக்குள் போவதற்கு முன்பே, வழியிலேயே மாறிவிட்டது.

பக்கத்துப் பகுதியான நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயர் 1966லிருந்து இருக்கிறது. இரும்புக் கம்பி வேலைப்பாடு போட்ட பால்கனிகள், குறுகலான சந்துகள். 1967ல் வந்த பைரேட்ஸ் ரைடு தொடங்குவதே ஒரு பயூவில்தான்: இருட்டு, மின்மினி, எங்கிருந்தோ பாஞ்சோ சத்தம், குடிசைத் திண்ணையில் ஆடும் நாற்காலியில் ஒரு கிழவர். கரையில் ப்ளூ பயூ உணவகம். வெளியே வந்து ஹான்டட் மேன்ஷனைத் தாண்டினால், முன்பு திடீரென்று ஜார்ஜியாவின் செம்மண் குன்றாக ஸ்பிளாஷ் மவுண்டன் நிற்கும். ஐம்பது அடி நடையில் மாநிலமே மாறிவிடும்! இப்போது நகரம் முடிகிற இடத்தில் சதுப்பு தொடங்குகிறது. ஊர் அமைப்பு என்று பார்த்தால், ஐம்பது வருடமாக நொண்டிக்கொண்டிருந்த மூலை இப்போதுதான் நேராக நிற்கிறது.

ரைடு? எலும்பு அதேதான். அதே கால்வாய், அதே வளைவுகள், கடைசியில் அதே 50 அடிச் சொச்சம் பள்ளம். மரக்கட்டைப் படகில் அதே மாதிரி ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். மார்டி கிரா கொண்டாட்டத்துக்கு வாத்தியக்காரர்கள் வேண்டும் என்று டியானா நம்மையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் தேடுகிறாள். நீர்நாயும் ரக்கூனும் கிடைத்ததை எல்லாம் வாத்தியமாக்கி வாசிக்கின்றன. நடுவில் ‘மாமா ஓடி’ என்ற மந்திரக்காரக் கிழவி ஒரு மந்திரம் போட்டு நம்மைத் தவளை அளவுக்குச் சுருக்கிவிடுகிறாள். பொம்மைகளின் முகபாவம் அபாரம். டியானா தலையைத் திருப்புகிற விதத்தைப் பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிறாரோ என்று தோன்றும்.

ஆனால் ஒரு குறை. பழைய ரைடில் கடைசி ஏற்றத்தில் மேலே இரண்டு கழுகுகள் உட்கார்ந்து நம்மைக் கேலி செய்யும். முயல் நரியிடம் மாட்டிக்கொண்டுவிட்டது, முட்புதரில் தூக்கி எறியப் போகிறார்கள், அதோடு சேர்ந்து நாமும் விழுகிறோம். விழுவதற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது அந்தப் பள்ளத்தில் விழுந்தால் பழைய உருவம் திரும்பி விடுமாம். படத்தில் அத்தனை மிரட்டிய வில்லன், மந்திரவாதி ‘டாக்டர் ஃபசிலியே’, ரைடில் இல்லவே இல்லை. வில்லன் இல்லாத ஊரில் எதற்காக ஐம்பது அடி விழ வேண்டும்? பாட்டு நன்றாக இருக்கிறது, வயிற்றைக் கலக்கவில்லை.

தண்ணீர்ப்பூச்சி:

வில்லன் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஆனால் முயல் ஏன் போனது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான்.

அந்த முயல், நரி, கரடி எல்லாம் 1946ல் வந்த ‘சாங் ஆஃப் த சவுத்’ படத்தின் பாத்திரங்கள். தோட்ட முதலாளிகளின் தெற்கை, கருப்பின மக்கள் அங்கே சந்தோஷமாகப் பாடிக்கொண்டு இருந்ததாகக் காட்டிய படம். வெளிவந்த நாளிலேயே எதிர்ப்பு இருந்தது. அதன் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது, ஆனால் அமெரிக்காவில் இன்றுவரை வீடியோவாகக்கூட அதை டிஸ்னி விற்றதில்லை. விற்கவே கூச்சப்படும் படத்தின் மேல் 1989ல் ஒரு மலையைக் கட்டினார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் புரியாத புதிர். படத்தில் முயலை ஒட்டவைத்துப் பிடிக்கும் தார் பொம்மையை, அது இனவசையாகவும் கேட்கும் என்பதால், தேன்கூடாக மாற்றித்தான் கட்டினார்கள். அதாவது பிரச்சினை அப்போதே தெரியும். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிந்தைய போராட்டங்களின் நடுவே 2020 ஜூனில் மாற்றத்தை அறிவித்தார்கள். திட்டம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்றும் சொன்னார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த முயல் கதைகள் சினிமாக்காரன் கற்பனை அல்ல. அடிமைப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் வாய்வழியாகக் காப்பாற்றிய கதைகள். ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைப் பத்திரிகையாளர் அவற்றை எழுதி வெளியிட்டார். பலசாலியை எளியவன் புத்தியால் ஜெயிக்கும் கதைகள், நம் பஞ்சதந்திரத்தில் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயல் மாதிரி. தார் பொம்மைக் கதைக்கு ஒரு ஜாதகக் கதையோடு உறவு உண்டு என்று சொன்ன ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த ஜாதகத்தில் ஒட்டும் முடி கொண்ட அரக்கனை அடிக்கும் இளவரசன் கை, கால், தலை என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்வான். படத்தைத் தூக்கி எறிந்தது சரி. கூடவே அந்த மக்களின் கிழட்டு முயலும் போனதில் எனக்கு வருத்தம்தான்.

சும்மா ஒரு உபரித் தகவல்: ஸ்பிளாஷ் மவுண்டன் யோசனை டிஸ்னி ரைடு வடிவமைப்பாளர் டோனி பாக்ஸ்டருக்கு 1983ல் வேலைக்குக் காரில் வரும்போது டிராஃபிக்கில் மாட்டியிருந்தபோது வந்ததாம். ‘அமெரிக்கா சிங்ஸ்’ என்ற கச்சேரியிலிருந்த பாடும் பொம்மைகளைத்தான் முயல் மலைக்குள் குடியேற்றினார்கள். அந்த மூலையில் எல்லாமே மறுசுழற்சி!

பேட்டன் ரூஜ் தமிழச்சி:

நான் லூயிசியானாவுலயே குடியிருக்கேன், அதனால என் பார்வை கொஞ்சம் கோணலா இருக்கும், மன்னிச்சிடுங்க.

முதல்ல பாராட்டு. மரத்துல தொங்குற அந்தச் சாம்பல் தாடி அச்சு அசல் இங்க மாதிரியே இருக்கு. ஸ்பானிஷ் மாஸ்னு பேரு, ஆனா அது பாசியே இல்ல, அன்னாசி குடும்பத்துச் செடி. நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துல பாராடேரியா காப்புக்காடு இருக்கு, ஜான் லஃபீட் தேசியப் பூங்காவோட ஒரு பகுதி. அங்க பலகைப் பாதையில நடந்தா ரெண்டு பக்கமும் சைப்ரஸ் மரத்தோட வேர், முட்டி போட்ட மாதிரி தண்ணிக்கு மேல முட்டிக்கிட்டு நிக்கும். முதலை வெயில் காயும். கொசு மட்டும் டிஸ்னிகாரங்க வைக்கல, அதுக்கு நன்றி.

இசையும் சரியா புடிச்சிருக்காங்க. ஸைடிகோன்னு இங்க ஒரு கச்சேரி முறை உண்டு. அக்கார்டியனும், நெஞ்சுல மாட்டிக்கிட்டு தேய்க்கிற தகரப் பலகையும்தான் உயிர். ரைடுக்காகப் புதுப் பாட்டு போட்ட பி.ஜே. மார்ட்டன் நியூ ஆர்லியன்ஸ்காரர். அது காதுல விழும்போதே தெரியுது.

டியானா பாத்திரத்துக்கு ஒரு தூண்டுதல் லியா சேஸ் அம்மா. ‘டூக்கி சேஸ்’ உணவகத்துல பல வருஷம் சமையல் பண்ணாங்க, 2019ல காலமானாங்க. வெள்ளையரும் கருப்பினத்தவரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறது சட்டப்படி தப்பா இருந்த காலத்துல, அந்த உணவகத்து மாடியில உரிமைப் போராட்டத் தலைவர்கள் கூடிப் பேசுவாங்க. அவங்க செய்யற ‘கம்போ’ங்கற லூயிசியானா குழம்புல எவ்வளவோ போகும். நம்ம ஊர்க்காரங்களுக்கு கம்போ முதல் வாய் வெச்சவுடனே, குழைஞ்ச சோத்து மேல ஊத்தின ஏதோ சொந்தக்காரக் குழம்புன்னு தோணிடும். டிஸ்னிலேண்டுல 2023 செப்டம்பர்ல ‘டியானாஸ் பேலஸ்’ திறந்தாங்கல்ல, அங்க கம்போ கிடைக்கும். ஊர்ல சாப்பிட்டவங்களுக்குக் காரம் பத்தாது. அவ்வளவுதான் என் புகார்.

ஆனா ரைடுல மிதக்கும்போது வேற ஒண்ணு மனசுல ஓடிச்சு. 1930கள்ல இருந்து லூயிசியானா கடற்கரை ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை இழந்திருக்கு. மிசிசிப்பிக்குக் கரை கட்டினதால வண்டல் வந்து படியறதில்ல. எண்ணெய்க் கம்பெனிங்க வெட்டின கால்வாய் வழியா உப்புத்தண்ணி உள்ள ஏறுது, சைப்ரஸ் மரம் நின்ன இடத்துலயே பட்டுப் போகுது. அனாஹெய்ம்ல ஃபைபர் கண்ணாடியில செஞ்ச சைப்ரஸ் மரத்துக்கு உப்புப் பயமே இல்ல, இன்னும் நூறு வருஷம் நிக்கும். வயசான ஒரு மீனவர்கிட்ட இதைச் சொன்னேன், “அப்ப எங்க பேரப்புள்ளைங்க அங்க போய்ப் பாத்துக்கட்டும்”னு சிரிச்சாரு. சிரிப்புல பாதிதான் சிரிப்பு.

ஆர்லாண்டோ மாமா:

அக்கா சொன்னதுக்கு அப்புறம் நான் எழுதறது விளையாட்டாத்தான் இருக்கும். எங்க ஃப்ளோரிடா பக்கம் டியானா 2024 ஜூன் 28லயே வந்தாச்சு. பழைய மலை 1992ல வந்தது, 2023 ஜனவரியில மூடினாங்க.

இங்க ஒரு சிக்கல். நியூ ஆர்லியன்ஸ்ல மலை எங்க இருக்கு? ஊர்ல பாதி இடம் கடல்மட்டத்துக்குக் கீழ! அதுக்கு ஒரு கதை கட்டினாங்க: இது மலை இல்ல, உப்புக் குவிமாடம். டியானா இதை வாங்கி ஊழியர்களே பங்குதாரரா இருக்கிற கூட்டுறவா ‘டியானாஸ் ஃபுட்ஸ்’ நடத்தறாளாம். வரிசைல நிக்கும்போது காய்கறித் தோட்டம், சமையலறை எல்லாம் பாக்கலாம், தண்ணித் தொட்டி மேல கிரீடம் வேற. உப்புக் குவிமாடம் கப்சாவும் இல்ல. லூயிசியானாவுல ஏவரி தீவு அப்படிப்பட்டதுதான். 1868லருந்து டபாஸ்கோ சாஸ் செய்யற இடம். ஆனா சிறுகுழந்தையோட ரைடுக்கு வந்தவனுக்கு, கம்பெனியோட தொழில் திட்ட அறிக்கை படிக்கறாப்ல இருக்கு.

அனாஹெய்ம் தம்பி சொன்ன ஊர் அமைப்பு இங்க தலைகீழ். பக்கத்துல நியூ ஆர்லியன்ஸ் கிடையாது, பிக் தண்டர் மலைதான். எதிர்ல ஓடின ஆறும் 2025 ஜூலையில மூடிட்டாங்க, கார்ஸ் பட உலகம் வரப் போகுது. சதுப்பு நிலம் இருக்கு, ஆறு இல்ல. நம்ம ஊர்ப் பல கால்வாய்க்கும் இதே நிலைமைதான்னு பையன்கிட்ட சொன்னேன், அவனுக்கு ஒண்ணும் புரியல.

நல்லது ஒண்ணு: இங்க படகுல ரெண்டு ரெண்டு பேரா உக்காரலாம். பயந்தா பக்கத்துல கை புடிக்க ஆள் உண்டு.

ரெண்டு பொண்ணுங்க அம்மா:

எனக்கு ரைடு வடிவமைப்பு எல்லாம் தெரியாது. நான் ஒரு சந்திப்பைப் பத்தி எழுதறேன்.

எங்க சின்னவ நல்ல கருப்பு. வீட்டுக்கு வர்ற பெரியவங்க பாசமாத்தான் சொல்வாங்க, “வெயில்ல ஆடாதடி, இன்னும் கறுத்துடுவ”ன்னு. அவ பதில் பேச மாட்டா. டிஸ்னிலேண்டுல டியானா வேஷம் போட்ட பெண்ணைப் பார்த்ததும் ஓடிப்போய் நின்னா. கையெழுத்து கேக்கல, ஃபோட்டோ கேக்கல. தன் கையை அந்தப் பெண்ணோட கை பக்கத்துல வெச்சுப் பார்த்தா. அந்தப் பெண்ணுக்கு உடனே புரிஞ்சிடுச்சு, கையை எடுக்காம அப்படியே வெச்சுக்கிட்டு, உனக்கு என்ன சமைக்கத் தெரியும்னு கேட்டா. எம் பொண்ணு “தோசை”ன்னா. பெனியேவும் (நியூ ஆர்லியன்ஸ்ல மாவைப் பொரிச்சு சர்க்கரை தூவற பலகாரம்) தோசையும் ஒரு தட்டுல வெச்சா எப்படி இருக்கும்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தாங்க, பின்னாடி வரிசை நீண்டுகிட்டே போச்சு.

2009ல வந்த அந்தப் படத்துலதான் டிஸ்னியோட முதல் கருப்பின இளவரசி வந்தா. அவ பேர்ல ஒரு பெரிய ரைடு வர பதினஞ்சு வருஷம் ஆச்சு. வில்லன் இல்லன்னு அண்ணா வருத்தப்படறீங்க, நியாயம்தான். எங்க சின்னவளுக்கு அது தெரியவே இல்ல. கடைசிப் பள்ளத்துல விழும்போது பயத்துல கத்தினதை விட, கீழ போனதும் பார்ட்டியில டியானா நிக்கறதைப் பாத்து கத்தினதுதான் அதிகம்.

நாலு வயசுப் பையனைக் கூட்டிட்டுப் போலாமான்னு எங்க தங்கச்சி கேக்கறா. யாராவது சொல்லுங்க.

டோக்கியோ நாடோடி:

முயலை நினைத்து ஏங்குபவர்கள் இங்கே வாருங்கள். டோக்கியோ டிஸ்னிலேண்டில் ஸ்பிளாஷ் மவுண்டன் 1992 முதல் அப்படியே ஓடுகிறது. பகுதியின் பெயரும் கிரிட்டர் கன்ட்ரிதான். இந்தப் பூங்காவின் உரிமையாளர் ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம், டிஸ்னி அல்ல. நரி ஜப்பானிய மொழியில் திட்டுகிறது. வரிசையில் நிற்பவர்களில் அந்த 1946 படம் என்றால் என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகமே. வேரறுந்த கதை இன்னொரு மண்ணில் வெறும் முயலும் நரியுமாகப் பிழைத்திருக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று தண்ணீர்ப்பூச்சியிடமே விடுகிறேன். கீழே குகைக்குள் ‘கிராண்ட்மா சாராஸ் கிச்சன்’ இருக்கிறது, குளிருக்கு இதமான இடம்.

அனாஹெய்ம் வாசி:

@ரெண்டு பொண்ணுங்க அம்மா, அக்கா, வயசு கணக்கில்லை, உயரம்தான். 40 அங்குலம், அதாவது 102 சென்டிமீட்டர் இருந்தால் ஏற்றுவார்கள். கலிஃபோர்னியாவில் பக்கத்தில் உட்கார இடம் கிடையாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார வேண்டும், அதனால் பையனை உங்கள் தங்கைக்கு முன்னால் உட்கார வைக்கச் சொல்லுங்கள். முதல் இருக்கை மட்டும் வேண்டாம், அங்கேதான் தண்ணீர் முழுசாக அடிக்கும். மாற்றுத் துணி கட்டாயம்.

வில்லன் விஷயத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை. ஆனால் பெனியே-தோசை யோசனையை டியானாஸ் பேலஸ்காரர்கள் யாராவது படித்தால் நன்றாக இருக்கும், தொட்டுக்கொள்ள கம்போ இருக்கவே இருக்கிறது.