டீயோடு வரும் சிகரெட்டை விடுவது: சிகிச்சையில் பார்த்தவை

ஆலோசகர், புகையிலை நிறுத்த மையம்

வருகிறவர்களில் பலர் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ராத்திரி பிடிப்பது நின்றுவிட்டது, பஸ் ஸ்டாண்டில் பிடிப்பதும் போய்விட்டது, பதினொரு மணி டீயோடு பிடிக்கிற ஒன்றை மட்டும் விட முடியவில்லை. இதை மன உறுதிக் குறைவு என்று அவர்களே தீர்ப்பு எழுதிக்கொள்வதுதான் வேதனை.

புகையை இழுத்த 10 முதல் 20 வினாடிக்குள் நிகோட்டின் மூளையை எட்டி, பலனை நாட வைக்கும் மூளை வேதிப்பொருளான டோபமைனைக் கூட்டுகிறது. பலன் அவ்வளவு உடனே கிடைப்பதால், சற்று முன்பு கண்ணிலும் கையிலும் பட்டதெல்லாம் அதோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது: கிளாஸின் சூடு, கடை வாசல், பக்கத்தில் நிற்பவரின் தீப்பெட்டி. நாளாக ஆக, டோபமைன் சிகரெட்டுக்குக் காத்திராமல் டீயைப் பார்த்ததுமே எழுகிறது. பழச்சாறுக்குப் பழக்கப்பட்ட குரங்குகளிடம் மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் கண்டதும் இந்த இடமாற்றத்தைத்தான். கூடவே வேலை, பழக்கங்களைப் பதியவைக்கும் ஆழ்மூளைப் பகுதியான ஸ்ட்ரையேட்டத்தின் உள்பகுதியிலிருந்து வெளிப்பகுதிக்கு நகர்கிறது. அங்கே லாப நஷ்டக் கணக்கு பெரிதாக நடப்பதில்லை. தூண்டல் வந்தால் கை போகும். பற்றவைக்கப் போகிறவரிடம் புற்றுநோய்ப் படத்தைக் காட்டிப் பெரிய பயன் இல்லாதது இதனால்தான்.

முதல் வாரம் குறைக்கவே சொல்வதில்லை. பாக்கெட்டைச் சுற்றி ரப்பர் பேண்டில் ஒரு துண்டுச் சீட்டு. பற்றவைக்கும் முன் நேரம், இடம், கூட இருப்பவர், பத்துக்கு எத்தனை ஆசை என்று எழுத வேண்டும். பிறகு, அதிகம் திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்கு ஒரே ஒரு திட்டம்: "டீயைக் கையில் வாங்கியதும் உள்ளே பெஞ்சில் போய் உட்காருவேன்." "வெளியே நின்று பிடிக்க மாட்டேன்" என்று எழுதினால் பலிப்பதில்லை, அந்த நொடியில் கைகால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை.

மருந்தாளுநர்

நிகோட்டின் சூயிங்கம் வேலை செய்யவில்லை என்று திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றிருக்கிறார்கள். நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போனால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மென்று, இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். ஒன்று சுமார் 30 நிமிடம் வரும்.

எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. முதல் 6 வாரம் 1 முதல் 2 மணிக்கு ஒன்று, ஒரு நாளில் 24-க்கு மேல் கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

டீ, காபி, எலுமிச்சைச் சாறு குடிப்பதற்கு முன்னும் பின்னும் 15 நிமிடம் இடைவெளி வேண்டும். வாயில் புளிப்புத்தன்மை ஏறினால் நிகோட்டின் கன்னத்தின் வழியே ரத்தத்தில் சரியாகச் சேராது. ஆகவே, டீக்கடைக்குப் போய் நின்றுகொண்டு கம்மைத் தேடுவது வீண். 15 நிமிடம் மிச்சம் இருக்கும்படி முன்னாலேயே போட்டு முடித்துவிட வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. புகையில் உள்ள தார்ப் பொருட்கள், கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகின்றன. சிகரெட்டை நிறுத்தினால் அந்தத் தூண்டல் அடங்கி, அதே நாலு டீயில் ரத்தத்தில் கஃபீன் ஏறிவிடுகிறது. படபடப்பு, தூக்கமின்மை வரும். நிகோட்டின் இல்லாததால்தான் இப்படி என்று எண்ணி மறுபடி பற்றவைக்கிறார்கள். டீயைப் பாதியாக்குங்கள்.

நரம்பியல் ஆய்வு மாணவர்

"பழக்கம் 21 நாளில் மாறும்" என்று நம்பி 22-ஆம் நாள் மனம் உடைகிறவர்களுக்காக இது. லண்டனில் பிலிப்பா லாலி குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவும் இல்லை.

பழையது அழிவதில்லை. மூளை ஆய்வாளர் ஆன் கிரேபியல் குழு பரிசு கொடுத்துப் பழக்கிய எலிகளில், பரிசை நிறுத்தியபோது மங்கிய மூளைச் செயல் வடிவம், பரிசு திரும்பியதும் சட்டென்று திரும்பியது. அதனால்தான் ஊர்த் திருவிழாவுக்குப் போய் பழைய கடை வாசலில் நிற்கும்போது ஆறு மாதம் கழித்தும் ஆசை எழும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஊருக்குக் கிளம்பும் முன்பே அந்தக் கடைக்கென்று தனியாக ஒரு திட்டத்தை எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுப் பக்கத்துக் கடையில் பழகிய பெஞ்சு அங்கே தானாக நினைவுக்கு வராது.