திரை காட்டியதும் இயந்திரம் காட்டியதும்

மஞ்சூர் – ஓய்வுபெற்ற மின் பொறியாளர்

நீலகிரியில் உள்ள நீர்மின் நிலையம் ஒன்றில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நாடுகள் கணினி வழியாக ஒன்றையொன்று தாக்கிக்கொள்ளும் செய்தி வரும்போதெல்லாம் அது டெல்லிக்கும் மாஸ்கோவுக்கும் உரிய விஷயம் என்று நம் மக்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். பைக்காராவில் 1932 முதலே மின்சாரம் எடுத்துவரும் இந்த மலைக்கும் அந்தச் செய்திக்கும் மிக நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை என் பணிக்காலத்தில் உணர்ந்தேன். அதை எழுதுகிறேன். உங்களில் யாரேனும் இதையொட்டிய ஒன்றை நேரில் கண்டிருந்தால் இதன்கீழ் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2013ஆம் ஆண்டு, தென்மேற்குப் பருவமழை. அணைகள் நிரம்பியிருந்ததால் எல்லா இயந்திரங்களையும் முழுச் சுமையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். அன்று இரவு ஷிப்டில் என்னுடன் இருந்த ஆபரேட்டர் பள்ளிப்படிப்போடு நின்றவர். ஆனால் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடக் கூடியவர். நள்ளிரவு கடந்து அவர் என்னிடம் வந்து, “சார், இரண்டாவது மெஷின் சத்தம் மாறியிருக்கிறது” என்றார். புதிதாக வைத்திருந்த கண்காணிப்புக் கணினியைப் பார்த்தேன். பேரிங் வெப்பநிலை இருக்க வேண்டிய அளவிலேயே இருந்தது. அதைச் சொன்னதற்கு அவர், “அந்த எண் இரண்டு மணி நேரமாக அப்படியே நிற்கிறதே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை” என்றார். கீழே இறங்கிச் சென்று கை வைத்துப் பார்த்தோம். வைத்த கையை வைத்த வேகத்தில் எடுக்க வேண்டியிருந்தது. கணினி எப்போதோ உறைந்துபோய், கடைசியாகப் பெற்ற எண்ணையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

அது தாக்குதல் அல்ல. மென்பொருளில் நேர்ந்த சாதாரணக் கோளாறுதான். இருந்தாலும் அந்த இரவுக்குப் பிறகு ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலைப் பற்றி, அதாவது கெடுதல் செய்வதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருளைப் பற்றிப் படித்தபோது என் உடல் சிலிர்த்தது. 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தத் தீநிரல், ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டு நிலையத்தின் சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் நுழைந்து, அங்கே சுழலும் மையவிலக்கு உருளைகளின் வேகத்தைத் தாறுமாறாக ஏற்றி இறக்கியது. உருளைகள் உள்ளே சிதைந்துகொண்டிருந்தபோது, முன்பே பதிவு செய்து வைத்திருந்த இயல்பான அளவுகளைப் பணியாளர்களின் திரைகளுக்கு அது அனுப்பிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 1,000 உருளைகள் வீணானதாக மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்ததாகப் பரவலாகக் கருதப்படுகிறது. இரண்டு நாடுகளும் முறைப்படி ஒப்புக்கொண்டதில்லை. எங்கள் திரை தற்செயலாகச் சொன்ன பொய்யை அங்கே ஓர் அரசு திட்டமிட்டுச் சொல்ல வைத்திருக்கிறது. திரை பொய் சொன்னாலும், இயந்திரத்தைக் கையால் இயக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

அதற்கடுத்த ஆண்டு, கருவிகளைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் இளைஞர் வந்தார். அறிக்கை எடுப்பதற்காகத் தம் சட்டைப்பையிலிருந்த பென் டிரைவை எங்கள் கணினியில் செருகப் போனார். நான் தடுத்தேன். “இந்தக் கணினிக்கு இணைய இணைப்பே கிடையாதே சார், வைரஸ் எப்படி வரும்?” என்று சற்று வருத்தத்தோடு கேட்டார். நதான்ஸுக்கும் வெளி இணைப்பு இல்லை. பென் டிரைவ்தான் அங்கே வாயில் என்று அவருக்கு விளக்கினேன். ஓரமாகக் கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றில் அதைச் சோதித்தபோது இரண்டு வைரஸ்கள் இருந்தன. அவர் முகம் வாடிவிட்டது. அவரைக் குறை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அவருக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

கோத்தகிரி – தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்

ஐயா எழுதியதைப் படித்ததும் 2017 மே மாதம் நினைவுக்கு வந்தது. நான் வேலை பார்த்த தொழிற்சாலை, சுற்றியுள்ள ஹட்டிகளின் (படுகர் ஊர்களின்) சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலை வாங்குவது. யாருடைய இலை எந்த நாளில் எத்தனை கிலோ வந்தது, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தோம், உரத்துக்குக் கொடுத்த முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் ஒரே கணினியில் இருந்தன. ஒரு திங்கட்கிழமை காலை அதைத் திறந்தபோது சிவப்புப் பின்னணியில் ஓர் அறிவிப்பு நின்றது: கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் அனுப்பினால்தான் திறக்கும், தாமதித்தால் தொகை இரட்டிப்பாகும்.

அதுதான் வான்னாக்ரை; இப்படிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸை ரான்சம்வேர் என்பார்கள். மே 12 அன்று கிளம்பி 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிடித்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏ பிற நாடுகளுக்குள் நுழைவதற்காகத் தன்னிடம் மறைத்து வைத்திருந்த ஓர் இணைய ஆயுதம் களவுபோய், அந்த ஏப்ரலில் வெளியில் கொட்டப்பட்டு, அதைக் கொண்டே இந்த வைரஸ் செய்யப்பட்டது என்பதை மிகப் பின்னர் அறிந்தேன். செய்தது வட கொரியா என்று அமெரிக்காவும் பிரிட்டனும் அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தன. இரண்டு அரசுகளின் பகைக்கும் எங்கள் இலைக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று அன்று மிகவும் மனம் வெதும்பினேன். எங்கள் தவறும் உண்டு: மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்த திருத்தத்தை நாங்கள் நிறுவவில்லை.

பணம் அனுப்பவில்லை. கொள்முதல் மையத்தில் இலையை எடைபோட்டவுடன் எழுதிக் கிழித்துக்கொடுக்கும் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் எங்களிடம் இருந்தன; மேல்சீட்டுகளை விவசாயிகள் வைத்திருந்தார்கள். ஒரு பாட்டி மூன்று மாதச் சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டு, மழையில் நனையாமல் முந்தானைக்குள் பொதிந்து கொண்டுவந்தார். பதினோரு நாள்கள் நானும் இன்னொருவரும் உட்கார்ந்து கணக்கை மறுபடி எழுதினோம். அந்த மாதப் பட்டுவாடா ஆறு நாள்கள் தாமதமானது; ஒருவருடைய ஒரு கிலோகூட விடுபடவில்லை. இப்போது அந்தத் தொழிற்சாலையில் ரசீதுப் புத்தகம் இல்லை. கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது.

வெலிங்டன் – ராணுவ வீரரின் மனைவி

என் அனுபவம் சிறியது. கணவர் எல்லையில் இருந்தபோது ஒரு மாலை அழைப்பு வந்தது. அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலியில் ஓர் அதிகாரியின் பெயரும் பதவியும் தெரிந்தன. நலம் விசாரித்துவிட்டு, குடும்பப் படிவம் சரிபார்க்க வேண்டும், அவர் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார், எந்தத் தேதியில் இடம் மாறுகிறார்கள் என்று தமிழும் இந்தியும் கலந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார். “அவர் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள் சார்” என்று வைத்துவிட்டு, மறுநாள் காலை நேரில் சென்று புகார் கொடுத்தேன். அப்படி ஓர் அதிகாரி அந்தப் பதவியிலேயே இல்லை. அதற்குப் பிறகு, திரையில் தெரியும் பெயரை நம்பி நான் எதையும் பேசுவதில்லை.

குன்னூர் – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாள்களில் இங்கே சீசன் உச்சத்தில் இருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்தவர்களின் கைபேசிகளிலும் எங்கள் கைபேசிகளிலும் ஒரே செய்தி வந்தது: ரான்சம்வேர் தாக்குதலால் ஏடிஎம்கள் இரண்டு மூன்று நாள்கள் மூடப்படும், இணையத்தில் யாரும் பணம் செலுத்த வேண்டாம். பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஏடிஎம் வாசலில் வரிசை சாலை வரை நீண்டது. வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், நான் வங்கியில் இருந்தவள், இது பொய், அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே பொய்யென்று அறிவித்துவிட்டது என்று சொன்னேன். சிலர் கேட்டார்கள், பெரும்பாலோர், “உங்கள் வார்த்தை உண்மையாகவே இருக்கட்டும் அம்மா, எதற்கும் எடுத்து வைத்துக்கொள்கிறோம்” என்றார்கள். பிற்பகலில் அந்த இயந்திரத்தில் பணம் தீர்ந்துவிட்டது. தீர்ந்ததைப் பார்த்தவர்கள் செய்தி உண்மைதான் என்று முடிவு செய்தார்கள்.

2007இல் எஸ்தோனியாவின் வங்கிகளையும் நாளிதழ்களையும் அரசுத் தளங்களையும் போலி வேண்டுகோள்களால் திணறடித்து வாரக்கணக்கில் முடக்கினார்கள். அதற்குப் பல்லாயிரம் கணினிகள் தேவைப்பட்டன. குன்னூரில் ஒரு ஏடிஎம்மைக் காலி செய்ய ஒரு வாட்ஸ்அப் செய்தி போதுமானதாக இருந்தது.

கேத்தி – கோவையில் இணையப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்

மஞ்சூர் ஐயாவின் பதிவோடு 2015 டிசம்பர் 23ஐச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்கு உக்ரைனின் மின் விநியோக நிலையம் ஒன்றில், பணியாளர்களின் கண்முன்னே கணினித் திரையில் சுட்டி தானாக நகர்ந்து, பிரேக்கர்கள் எனும் பெரிய மின்சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் துண்டித்தது. அவர்கள் சுட்டியைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. மூன்று நிறுவனங்கள், ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. மக்கள் புகார் சொல்ல முடியாதபடி தொலைபேசி மையத்தையும் பொய் அழைப்புகளால் நிரப்பியிருந்தார்கள். ஊழியர்கள் வண்டியெடுத்துக்கொண்டு துணை மின்நிலையங்களுக்கு ஓடி, பிரேக்கர்களைக் கையால் போட்டதால்தான் ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பியது. தாக்கியவர்கள் தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளின் உள்நிரலையும் அழித்துவிட்டதால், பல மாதங்கள் அங்கே எல்லாவற்றையும் ஆளே போய் இயக்க வேண்டியிருந்தது. இதற்காகவும் 2017இன் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்குதலுக்காகவும் ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த ஆறு பேர் மீது அமெரிக்கா 2020இல் குற்றம் சாட்டியது.

ஐயாவிடம் ஒரு மாற்றுக் கருத்தையும் பணிவோடு சொல்கிறேன். கையால் இயக்கத் தெரிந்தவர் மட்டும் போதாது. கையால் இயக்கும் வசதி அந்தக் கருவியில் இருக்கவும் வேண்டும். இன்று வாங்கப்படும் பல கருவிகளில் செலவைக் குறைப்பதற்காக முதலில் நீக்கப்படுவது அதுதான். அதேபோல, அலுவலகக் கணினி வலையையும் இயந்திரங்களை இயக்கும் கணினி வலையையும் பிரித்து வைப்பதைச் சிலர் வீண் செலவாகக் கருதுகிறார்கள். கூடங்குளத்தில் 2019 செப்டம்பரில் தீநிரல் கண்டறியப்பட்டது நிர்வாகப் பணிக்கான கணினியில். அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அதனோடு இணைக்கப்படாததால் பாதிக்கப்படவில்லை என்று இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று அறிவித்தது. அந்தப் பிரிவினைதான் அங்கே காத்தது.

நான் நேரில் கண்டதையும் சொல்லிவிடுகிறேன். மலையிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு டெண்டர் விவரம் என்ற பெயரில் எக்ஸெல் கோப்பு வந்தது. திறந்தால், உள்ளடக்கத்தைக் காண ‘அனுமதி’ என்ற பொத்தானை அழுத்தச் சொன்னது. உக்ரைனிலும் தாக்குதலுக்குப் பல மாதங்களுக்கு முன் இப்படித்தான் நுழைந்தார்கள். இங்கே அந்தக் கோப்பைப் பெற்ற ஸ்டோர் கீப்பர் பொத்தானை அழுத்தவில்லை. அனுப்பிய அலுவலகத்தின் எண்ணைப் பழைய கடிதத்தாளில் தேடி எடுத்து, தொலைபேசியில் கேட்டார். அவர்கள் எதையும் அனுப்பவில்லை. வருத்தம் என்னவென்றால், அந்த நிறுவனம் இதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டது. இப்படிப்பட்ட நிகழ்வை ஆறு மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. ஒருவர் மறைத்தால் அதே கோப்பு அடுத்தவரின் கணினியில் திறக்கப்படும்.

மஞ்சூர் – ஓய்வுபெற்ற மின் பொறியாளர்

தம்பி சொன்ன திருத்தத்தை முழு மனதோடு ஏற்கிறேன். எங்கள் நிலையத்தின் பழைய இயந்திரங்களில், சுழலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவியைக் கையால் இயக்கும் சக்கரம் இன்னும் இருக்கிறது. அதைச் சுழற்றிப் பழகியவர்கள்தான் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அன்றிரவு சத்தம் மாறியதைச் சொன்ன ஆபரேட்டர் இப்போது எமரால்டு பக்கத்தில் மகளோடு இருக்கிறார். உங்கள் பதிவுகளையெல்லாம் படித்துவிட்டு ஞாயிறன்று அவரைப் பார்க்கச் சென்றேன். மொத்த மலையும் இருட்டில் இருக்கும்போது, வெளியிலிருந்து மின்சாரம் வராமல், ஓர் இயந்திரத்தை முதலிலிருந்து எப்படி எழுப்புவது என்று கேட்டேன். கண்களை மூடிக்கொண்டு, கைகளைக் காற்றில் அசைத்து, வால்வு வால்வாகச் சொன்னார். நான் இருநூறு பக்க நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டு வந்தேன். அதை இங்கே பதிவிட மாட்டேன். நிலையத்தில் இப்போது பொறுப்பில் இருக்கும் இளம் பொறியாளரிடம் நேரில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கவர்னர் வரை முடிந்திருக்கிறது. பிரேக்கர் பகுதிக்காக வரும் ஞாயிறும் போக வேண்டும்.